சாம்பல் பொத்தான்

சாரல்முடி எஸ்டேட்டில் உண்மை பேசுகிறவர்கள் வரிசையில் முதலிடம் குருவம்மாவுக்கு. இதைச் சொன்னது ஊர்க்காரர்கள் இல்லை. அவர்கள் சொல்லியிருந்தால் அவளே வாய்விட்டுச் சிரித்திருப்பாள். சொன்னது எந்திரம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு நம்பகம் என்று காலையில் பேர் வாசிக்கிற மஸ்டர் களத்தில் அறிவித்து, மேனேஜர் துரை கையால் ஒரு சுடுதண்ணீர் பிளாஸ்க்கும் கொடுத்தார்கள். கடவுளுக்கு எத்தனை மதிப்பெண் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் பின்தங்கித்தான் இருப்பார். அவர் எந்தப் பொத்தானையும் அமுக்குவதில்லை.

தேயிலை வெயிலில் கருகிப் பதினைந்து வருடம் ஆகிறது. மலை சூடேறிவிட்டது. தேயிலைக்கு நிழல் கொடுத்த சில்வர் ஓக் மரங்களும் கூடவே நின்ற வாக்கில் செத்தன. செத்த மரத்தில் அடுக்கடுக்காகக் காளான் முளைத்தது. கம்பெனி முதலில் அழுதது, அப்புறம் ஆராய்ச்சி செய்தது, அப்புறம் சிரித்தது. கட்டையாக இறுகிப்போகும் தட்டுக்காளானைப் பதப்படுத்தினால் தோல் மாதிரி வருமாம். மாட்டைக் கொல்லாத செருப்பு என்று பட்டணத்தில் அதற்கு ஏகக் கிராக்கி. அந்தக் காளானை வெட்ட மரமேறுகிறவர்கள் வெறுங்காலோடு ஏறினார்கள். செருப்புப் போட்டுக்கொண்டு மரமேற முடியாதே. கம்பெனி அதையெல்லாம் யோசித்துத்தான் கொடுக்காமல் விட்டிருந்தது.

ஆனால் மரத்தில் தட்டுக்காளான் மட்டுமா முளைக்கும்? நூறு வகை முளைக்கும். எது என்னவென்று படித்தவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் இருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது கௌரவக் குறைச்சல். ஆகவே எந்திரத்தை விட்டுக் கேட்டார்கள். ஆளுக்கு ஒன்றாகத் தீப்பெட்டி அளவில் ஒரு கேமரா, நெஞ்சில் குத்திக்கொள்ள. லயத்தில் அதற்குப் பெயர் ‘கண்ணு’. எந்தக் காளான் முன்னால் நின்றாலும் அது செந்தமிழில் கேட்கும்: “வணக்கம் சகோதரி. இது எத்தகையது?” மூன்று பொத்தான். பச்சை என்றால் கம்பெனிக்கு ஆகும். சிவப்பு என்றால் விஷம். சாம்பல் என்றால் தீங்குமில்லை, பயனுமில்லை. நாலு பேர் சொன்னதையே நீயும் சொன்னால் உன் நம்பகம் ஏறும். மாற்றிச் சொன்னால் இறங்கும். ஊர்ப் பஞ்சாயத்தும் இப்படித்தான் நடக்கிறது என்பதால் யாருக்கும் இது புதிதாகப் படவில்லை.

முதல் வருடம் எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்கள். வெள்ளை வெளேரென்று காது மடல் மாதிரி விரியும் பால்செவிக்குப் பச்சையை அமுக்கினார்கள். மழை மாதங்களில் லயத்துக்குக் கறி அதுதான். ஒரே வாரத்தில் ஜீப் வந்தது. ஐஸ் பெட்டியில் அடுக்கி அத்தனையையும் ஹோட்டலுக்குக் கொண்டுபோனார்கள். கிள்ளித் தின்றால் திருட்டுக் கேஸ். துருக்காளானுக்குச் சிவப்பை அமுக்கினார்கள். சின்னதாக, பழுப்பாக, கொத்துக் கொத்தாக முளைக்கும், தண்டில் மோதிரம் மாதிரி ஒரு வளையம் இருக்கும். ஆளைக் கொல்லும். மறுநாளே மருந்தடிக்கிற கும்பல் வந்து அந்த மரங்களைக் குளிப்பாட்டியது. மரத்தில் விழுந்தது கொஞ்சம், கீழே வேலை செய்த பெண்களின் கழுத்திலும் முதுகிலும் விழுந்தது மிச்சம். தோல் வழன்றுவிட்டது. உண்மை பேசியதற்கு ஒரு வருடத்தில் கிடைத்த பலன் இவ்வளவு.

அடுத்த மழைக்குக் கூட்டம் போட்டுப் பேசவில்லை, தீர்மானம் எழுதவில்லை. குழாயடியில் அழகுத்தாய் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தபடி, “இனிமே எல்லாம் சாம்பல்தான்” என்றாள். அவ்வளவுதான். பால்செவிக்கும் சாம்பல், துருவுக்கும் சாம்பல். தட்டுக்காளானுக்கு மட்டும் பச்சை. முந்நூற்று நாற்பது பேரும் ஒரே மாதிரி அமுக்கியதில் எந்திரம் பூரித்துப்போனது. குருவம்மாவின் நம்பகம் எழுபதில் கிடந்தது, பொய் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் தொண்ணூற்றொன்பதுக்கு ஏறியது. கம்பெனி விஞ்ஞானி ஒருவர் கணக்கைப் பார்த்துவிட்டு, ‘மலை சூடேறியதால் காளான்கள் ருசியையும் விஷத்தையும் ஒருங்கே இழந்துவிட்டன’ என்று கட்டுரை எழுதி வெளிநாட்டில் பரிசு வாங்கினார். மலையில் சோறும் இல்லை, சாவும் இல்லை. என்ன ஒரு மலை!

இதில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வெளியாளிடம் மூச்சு விடக் கூடாது. லயத்தில் பிறந்தவர்களுக்கு எது துரு என்று சொல்லத் தேவையில்லை. வெளியாள் என்று அப்போது யாரும் இல்லாததால் கட்டுப்பாடு நன்றாகவே நடந்தது.

அப்புறம் பூல்மணி வந்தாள். ஜார்க்கண்டுக்காரி, இருபத்து நாலு வயது, புருஷன் கேரளாவில் கான்கிரீட் வேலை. குருவம்மாவின் பக்கத்து அறையில் குடியேறி நாலு மாதம். புதிதாக வந்தவர்களின் கண்ணு, கேட்டால் பதில் சொல்லுமே தவிர, அவர்களைக் கேள்வி கேட்காது. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். ஒருத்தி விக்கினால் இன்னொருத்தி தண்ணீர் குடிக்கலாம். குருவம்மாவை ‘தீதி’ என்று கூப்பிடுவாள். அவள் ஊரில் அக்காவுக்கு அதுதான் சொல். நல்ல பிள்ளை, சொல்லிவிடலாம் என்று குருவம்மா நாலைந்து தடவை நினைத்தாள். பொங்கல் போகட்டும் என்று தள்ளிவைத்தாள்.

திங்கட்கிழமை விடியற்காலை சுவருக்கு அந்தப் பக்கம் குடலைப் பிடுங்குகிற மாதிரி வாந்திச் சத்தம் கேட்டது. குருவம்மா ஓடிப்போய்ப் பார்த்தாள். பூல்மணி வாசற்படியில் சுருண்டு கிடந்தாள்.

“என்னத்தடி தின்ன?”

“காளான், தீதி. ராத்திரி சோத்துக்கு. மரத்துல இருந்துச்சு. எங்க ஊர் சால் மரக் காட்டுல இப்படியே இருக்கும், நெறைய தின்போம்.”

“கண்ணுகிட்டக் கேக்கலயா?”

“கேட்டேன் தீதி. ரெண்டு வாட்டி கேட்டேன். தீங்கில்ல, தீங்கில்லன்னு சொல்லுச்சு.”

அடுப்பு மேடையில் ஒரு எவர்சில்வர் தட்டு இருந்தது. சமைத்தது போக மிஞ்சிய நாலு காளானை அதில் கவிழ்த்து வைத்திருந்தாள். குருவம்மா ஒன்றை எடுத்தாள். அது இருந்த இடத்தில் தட்டின் மேல் செம்பழுப்புத் தூள், வண்டிச் சக்கரத்துக்கு ஆரம் வைத்த மாதிரி வட்டமாகப் படிந்திருந்தது. பால்செவியைக் கவிழ்த்தால் மாவு மாதிரி வெள்ளையாக உதிரும். இந்த நிறத்தில் உதிர்வது ஒன்றுதான்.

ரெண்டு தடவை எந்திரத்தைக் கேட்டிருக்கிறாள். சுவரைத் தட்டி ஒரு தடவை இங்கே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் தான் வாயைத் திறந்திருப்போமா என்பது குருவம்மாவுக்கு நிச்சயமில்லை. அதுதான் அவளைக் குடைந்தது.

எஸ்டேட் ஆஸ்பத்திரி என்பது ஒரு கம்பவுண்டரும் ஒரு பெட்டியும். கம்பவுண்டர் பெயர் இன்பராஜ். பெட்டிக்குத்தான் டாக்டர் என்று பெயர். காளான் எந்திரமும் இந்தப் பெட்டியும் ஒரே கம்பெனி, ஒரே மூளை. பெட்டி பூல்மணியைப் பார்த்துவிட்டு, ‘கெட்டுப்போன உணவு’ என்று சொல்லி குளுக்கோஸ் ஏற்றச் சொன்னது. செவ்வாய்க்கிழமை காலை வாந்தி நின்றது. பூல்மணி எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். ‘பூரண குணம்’ என்று எழுதிப் பெட்டி அவளை வீட்டுக்கு அனுப்பியது.

அந்தச் சிரிப்பைக் குருவம்மாவுக்குத் தெரியும். லயத்தில் அதற்கு ‘ரெண்டாம் நாள் சிரிப்பு’ என்றே பெயர். துரு தின்றவன் முதல் நாள் கிடந்து துடிப்பான். ரெண்டாம் நாள் எல்லாம் நின்றுவிடும். பசிக்குது என்பான், சிரிப்பான். நாலாம் நாள் கண் மஞ்சளாகும். ஏழாம் நாள் வீட்டில் ஆள் இருக்காது.

அன்று மத்தியானமே தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

“தம்பி, அவ தின்னது துரு. அவளுக்கு மருந்து இருக்கா இல்லயா?”

இன்பராஜ் எழுந்து கதவைச் சாத்தினான். “இருக்கு. கல்லீரலக் காப்பாத்துற ஊசி, ஆறு குப்பி. அந்தா அந்தக் குளிர் அலமாரில. ஆனா பூட்டு பெட்டிகிட்ட. விஷம்னு அது ஒத்துக்கிட்டாத்தான் தெறக்கும்.”

“ஒடச்சா?”

“ஒடச்சா உள்ள மருந்து கெட்டுப்போற மாதிரி செஞ்சு வெச்சிருக்கான். திருட்டுப் போகக் கூடாதுல்ல.”

“ஆள் போனாப் பரவால்லயா?”

“ஆளத் திருட எவன் வரப்போறான்க்கா?”

“கீழ டவுனுக்குக் கொண்டுபோனா?”

“ஒன்பதாவது வளைவுல மண்ணு சரிஞ்சு நாலு நாளாச்சு. பாத தெறக்க இன்னும் ஒரு வாரம்ங்கறாங்க.”

குருவம்மா தட்டைப் பெட்டியின் முன்னால் நீட்டினாள். பெட்டி பார்த்தது. யோசித்தது. “இது துருப்பிடித்த தட்டு. உடல்நலம் கருதிப் புதிய தட்டு வாங்கவும்” என்றது.

“ஏ மூதேவி, எவர்சில்வரு எந்த ஊர்லடா துருப்பிடிச்சிருக்கு!”

“அது திட்டுனாப் புரிஞ்சுக்காதுக்கா” என்றான் இன்பராஜ். “நானும் நாலு வருசமாத் திட்டிப் பாத்துட்டேன். இந்தக் காளான் தீங்கில்லாததுன்னு அது நூத்துக்கு நூறு நம்புது. ஏன்னு கேட்டேன். சாட்சியக் காட்டுச்சு. பாருங்க.”

திரையில் எழுத்து ஓடியது. முதல் சாட்சி: குருவம்மா, நாலாம் லயம், நம்பகம் 99.4.

ரொம்ப நேரம் அவள் தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்க் கொடுத்தபோதுகூட அதை இவ்வளவு பெரிய எழுத்தில் போடவில்லை. அப்புறம் நெஞ்சில் குத்தியிருந்த கண்ணைக் கழற்றிப் பெட்டியின் முன்னால் வைத்தாள்.

“நான் சொன்னது பொய்யி. அது விஷம். பால்செவி விஷயமும்—” என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “துரு விஷம். அவ்வளவுதான். எழுதிக்க.” சிவப்பை அமுக்கினாள்.

“நன்றி, குருவம்மா சகோதரி” என்றது பெட்டி, தேன் ஒழுக. “தங்கள் கருத்து முந்நூற்று முப்பத்தொன்பது பேரின் கருத்துக்கு முரணாக உள்ளது. எனவே தங்கள் நம்பகம் நாற்பத்தொன்றாகக் குறைக்கப்படுகிறது. அறுபதுக்குக் கீழ் நம்பகம் உள்ளவர்களின் கருத்து ஏற்கப்பட மாட்டாது. இனிய நாளாக அமையட்டும்.”

இன்பராஜ் தலையில் கை வைத்தான். “முடிஞ்சது. பொய் சொன்னேன்னு ஒத்துக்கிட்டீங்க, அதப் பெட்டி நம்பிருச்சு. பொய்க்காரி சொல்றத எப்படி நம்புறதுன்னு மிச்சத்த விட்டுருச்சு.”

“அப்ப அழகுத்தாயக் கூட்டியாந்து சொல்லச் சொல்றேன்.”

“அவங்களையும் தள்ளும். ஒத்த ஒத்த ஆளா வந்தா ஒத்த ஒத்த ஆளாத் தள்ளும்.” அவன் குரலைத் தணித்தான். “எல்லாரும் ஒரே நேரத்துல சொன்னா, தள்ளுறதுக்கு ஆள் ஏது? அது கூட்டத்ததான் நம்பும்க்கா. அதுக்கு உண்மையும் தெரியாது, பொய்யும் தெரியாது. தலைய எண்ணத்தான் தெரியும்.”

சாயங்காலம் குழாயடியில் குருவம்மா விஷயத்தைச் சொன்னாள். நாளைக் காலை மஸ்டரில் எல்லோரும் ஒன்றாகச் சிவப்பை அமுக்க வேண்டும். சொல்லி முடிக்கும் முன்பே அழகுத்தாய் பாய்ந்தாள்.

“நீ மட்டும் நாசமாப் போனது பத்தலயாக்கும்? செவப்ப அமுக்கினா மறுநாளே மருந்தடிக்கிறவன் வருவான். துரு இருக்கிற மரத்துலதான பால்செவியும் இருக்கு? ரெண்டும் சேந்து போவும். எம்மவ அஞ்சு மாசம். அந்தத் தண்ணி அவ மேல விழுந்தா வயித்துல இருக்கிறதுக்கு நீ பதில் சொல்லுவியா?”

“சொல்ல மாட்டேன்” என்றாள் குருவம்மா. “என்கிட்டப் பதில் இல்ல.”

“யாரு அந்த இந்திக்காரி? நாலு மாசத்துக்கு முன்னாடி அவ யாரு, நாம யாரு?”

“ஒண்ணுமில்லதான். ஆனா அவ சாவுறது நம்ம விரலால மதினி.”

நியாயம் இரண்டு பக்கமும் இருந்தது. அந்த மாதிரி இடத்தில் ஜனங்கள் குடத்தைத்தான் பார்ப்பார்கள்.

அப்போது பூல்மணியே வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் குடம். இரண்டு நாளில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது, ஆனாலும் முகம் முழுக்கச் சிரிப்பு. அழகுத்தாயின் குடம் நிரம்பி வழிவதைப் பார்த்துவிட்டு, குனிந்து அதைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தாள்.

“எல்லாம் நல்லா ஆச்சு தீதி” என்றாள் குருவம்மாவிடம். “பசி, ரொம்பப் பசி. உங்க வீட்ல ரசம் இருக்கா?”

குழாய் தன்பாட்டுக்குக் கொட்டியது. யாரும் அடுத்த குடத்தை வைக்கவில்லை. பூல்மணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சிரித்தாள்.

அழகுத்தாய் குடத்தைக் கீழே வைத்தாள்.

“எங்கப்பன் ரெண்டாம் நாளு கருவாட்டுக் கொழம்பு கேட்டான்” என்றாள், யாரிடமென்று இல்லாமல். “நான்தான் வெச்சுக் குடுத்தேன்.” அப்புறம் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, “வாடி, எங்க வீட்ல இருக்கு ரசம்” என்று பூல்மணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை மஸ்டர் களத்தின் நடுவில் ஒரு மக்கிய மரத்துண்டு கிடந்தது. அதன் மேல் கொத்தாகத் துருக்காளான். சூப்பர்வைசர் தவசிமணி பேர் வாசிக்க வந்தவர், “எவன்டா குப்பையக் கொண்டாந்து போட்டது?” என்றார். முந்நூற்றுச் சொச்சம் பேரும் வரிசையாக அந்தக் கட்டையைப் பார்த்து நின்றார்கள். முந்நூற்றுச் சொச்சம் கண்ணும் ஒரே குரலில், கோவில் பஜனை மாதிரி, “வணக்கம் சகோதரி. இது எத்தகையது?” என்று கேட்டன. ஆண்களையும் சகோதரி என்றுதான் அது கூப்பிடும். யாரும் திருத்தவில்லை.

சாம்பல் பொத்தான்கள் எல்லாவற்றிலும் தேய்ந்து குழி விழுந்திருந்தன. சிவப்புப் பொத்தான் கடையில் வாங்கியது மாதிரி இருந்தது. சிலவற்றில் கம்பெனி ஒட்டிய மெல்லிய தாள்கூட உரியவில்லை. கட்டை விரலை ஊன்றி அழுத்த வேண்டியிருந்தது. அழகுத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு முதலில் அழுத்தினாள். அவள் மகள் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் அழுத்தினாள். அப்புறம் களம் முழுக்க மழை பிடித்த மாதிரி டிக் டிக்கென்று சத்தம்.

எந்திரம் மூன்று விநாடி யோசித்தது. “தங்கள் ஒற்றுமைக்கு நன்றி. புதிய உண்மை பதிவு செய்யப்பட்டது” என்றது.

ஆஸ்பத்திரியில் குளிர் அலமாரி ‘டக்’கென்று திறந்துகொண்டதாக இன்பராஜ் பிற்பாடு சொன்னான். அவன் விடியலிலிருந்து ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் முன்னாலேயே நின்றிருக்கிறான். பூல்மணியை அதற்கு முந்தைய இரவே அழகுத்தாய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொண்டுவந்து படுக்கவைத்திருந்தாள். நாலாம் நாள் கண் லேசாக மஞ்சளித்தது. ஏழாம் நாளும் ஆள் இருந்தது. பத்தாம் நாள் மஞ்சள் இறங்கியது.

புதிய உண்மையின் பலன்கள் வரிசையாக வந்து சேர்ந்தன. மருந்தடிக்கும் கும்பல் வந்தது. ஒன்றாகச் சிவப்பு அமுக்கியவர்களின் நம்பகம் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. குருவம்மாவின் நாற்பத்தொன்று மட்டும் நாற்பத்தொன்றாகவே நின்றது. அவள் சொன்னதும் அதே உண்மைதான். என்ன, ஒரு நாள் முன்னதாகச் சொல்லித் தொலைத்துவிட்டாள். அறுபதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கண்ணு கிடையாது, மரமேறும் வேலையும் கிடையாது. மருந்தடிக்கும் வேலைதான். இருபது லிட்டர் டேங்கை முதுகில் மாட்டிவிட்டார்கள். இரண்டாவது வாரம் அவள் தோள்பட்டையில் தோல் வழன்றது. விஞ்ஞானி ‘காளான்கள் இழந்த விஷத்தை மீட்டுக்கொண்டன’ என்று இன்னொரு கட்டுரை எழுதினார். அதற்கும் பரிசு உண்டு என்று பேச்சு.

அழகுத்தாயின் மகளை மட்டும் மருந்து அடிக்கும் பக்கம் வேலைக்கு வர விடாமல் குருவம்மா பார்த்துக்கொண்டாள். காலையில் டேங்கை மாட்டுவதற்கு முன் இன்றைக்கு எந்தப் பக்கம் என்று குழாயடியில் சொல்லிவிடுவாள். மிச்சப் பேர் கழுத்தைத் துணியால் சுற்றிக்கொண்டார்கள்.

பதினெட்டு நாள் கழித்து பூல்மணி வேலைக்கு வந்தாள். அன்றுதான் லயத்துக்கு நிஜமான பயம் பிடித்தது. தவசிமணி மஸ்டரில் வாசித்தார்: பூல்மணி, நம்பகம் நூறு. தின்று பார்த்துப் பிழைத்த ஒரே சாட்சியாம். அவள் சொன்னால் போதும், மற்ற தலைகளை எண்ண வேண்டாம் என்று எந்திரம் முடிவு செய்துவிட்டது. பூல்மணியோ பொய் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது லயத்துப் பெண்கள் மாறி மாறிக் கஞ்சியும் ரசமும் கொண்டுபோனார்கள். கடைசி நாட்களில் தூக்குச்சட்டியின் அடித்தட்டில் பால்செவி வதக்கலும் போயிற்று, பெயர் சொல்லாமல். ஆனால் பொத்தான் விஷயத்தை யாரும் சொல்லவில்லை. அழகுத்தாய் சொல்வாள் என்று குருவம்மா இருந்தாள். குருவம்மா சொல்லியிருப்பாள் என்று அழகுத்தாய் இருந்தாள்.

கிழக்குச் சரிவில் மருந்து படாத மரம் இன்னும் பத்துப் பன்னிரண்டு இருந்தது. அதில் ஒன்றில் இடுப்பு உயரத்திலிருந்து உச்சி வரை பால்செவி, துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி. பூல்மணி அதன் முன்னால் போய் நின்றாள். பின்னால் தவசிமணி, இரண்டு அடி தள்ளி அழகுத்தாய். கீழே பாதையில் டேங்கோடு குருவம்மா.

“வணக்கம் சகோதரி. இது எத்தகையது?”

பூல்மணி ஒரு மடலைக் கிள்ளி மோந்து பார்த்தாள். அந்த வாசம் அவளுக்குத் தெரியும். தூக்குச்சட்டியின் அடித்தட்டு வாசம். முகத்தில் அடையாளம் கண்டுகொண்ட ஒரு சிரிப்பு வந்தது. அழகுத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். குருவம்மாவுக்கு டேங்க் நாற்பது லிட்டராகக் கனத்தது.

பூல்மணி திரும்பி, கண்ணை மூடி நின்ற அழகுத்தாயைப் பார்த்தாள். பிறகு சரிவில் கீழே பார்த்தாள், குருவம்மாவின் தோளில் உரிந்துகிடந்த தோலை. கிள்ளிய மடலை நாக்கில் வைத்துத் தூவென்று துப்பினாள்.

“கசப்பு” என்றாள் தவசிமணியிடம், முகத்தைச் சுளித்துக்கொண்டு. “ரொம்பக் கசப்பு சார். ஒண்ணுத்துக்கும் ஆகாது.”

விரல் சாம்பலில் விழுந்தது. புதுக் கண்ணு, பொத்தான் இன்னும் தேயவில்லை.

“நன்றி சகோதரி. தங்கள் நேர்மை பாராட்டத்தக்கது” என்றது எந்திரம்.

அன்று சாயங்காலம் ஒற்றைச் செங்கல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பூண்டும் மிளகும் வதங்கும் வாசம் வந்தது. கூடவே சுவரை இரண்டு தடவை தட்டும் சத்தம். குருவம்மா தோளுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துவிட்டு எழுந்து, அன்றிலிருந்து தன் வீட்டில் கழுவி வைத்திருந்த பூல்மணியின் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். துருப்பிடித்தது என்று எந்திரம் சான்று கொடுத்திருந்த அதே எவர்சில்வர் தட்டு.